மிஸ்ஸிங் அடிக்கிற எஞ்சின் ஓட ஓட சரியாகாது

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடித்தேடி பிஸ்டன், கேம், கேஸ்கட் வாங்கி, லட்சக்கணக்கில் செலவழித்து எஞ்சின் கட்டுகிறார்கள். ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங்கில் உதறுகிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதுதான் மிஸ்ஸிங். உடனே ஒரு சமாதானம்: "புது எஞ்சின் சார், ரிங் இன்னும் செட் ஆகலை. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." இதை நம்பி ஓசூர் வரை ஓட்டிவிட்டு, டோ வண்டியில் திரும்பி வருகிறவர்கள் குறைந்தபாடில்லை.

பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு படியாத எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், லேசாகப் புகை தள்ளும், கம்ப்ரஷன் சற்றுக் குறைவாகக் காட்டும். அவ்வளவுதான். மிஸ்ஸிங் அடிக்காது. மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் போரின் (உட்துளையின்) சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். போர் கண்ணாடியாகப் பளபளத்துப் போனால் ரிங் பிறகு படியவே படியாது. செட் ஆகட்டும் என்று ஓட்டுவதே ரிங்கைக் கெடுக்கிறது. டாஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் மினுக்கினால் அங்கேயே ஆஃப் செய்யுங்கள், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகிவிடும்.

பெரிய கேம் போட்ட எஞ்சின் ஐட்லிங்கில் ஏறி இறங்கும், அது இயல்பு. 2500 ஆர்.பி.எம்மிலும் உதறினால் கோளாறுதான்.

முதலில் ஸ்கேனரை மாட்டி எஞ்சின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு கோடைப் பாருங்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். அதன் இக்னிஷன் காயிலை மூன்றாவதுக்கு மாற்றுங்கள். கோடு பி0303க்குப் போனால் காயில் போச்சு. போகாவிட்டால் பிளக்கையும் அதேபோல் மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். ஐட்லிங்கில் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) +20 சதவீதம் காட்டி, ஆர்.பி.எம் ஏற்றினால் இறங்குகிறதா? இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்று இழுக்கிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே எர்த் ஸ்ட்ராப் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மறந்துவிடுவது சர்வசாதாரணம்.

அடுத்து கம்ப்ரஷன்: பிளக் எல்லாம் கழற்றி, இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றி அளக்க வேண்டும். பெங்களூரு 900 மீட்டர் உயரம். சென்னையில் 180 பி.எஸ்.ஐ காட்டும் எஞ்சின் இங்கே 160 சொச்சம்தான் காட்டும், பயப்பட வேண்டாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. நாலும் ஒரே மாதிரி ரொம்பக் குறைவா? கேம் டைமிங் ஒரு பல் தள்ளியிருக்கலாம், ஹெட்டைக் கழற்றும் முன் டைமிங் மார்க்கைப் பாருங்கள்.

காலையில் பட்டு மாதிரி ஓடி, சில்க் போர்டு நெரிசலில் சூடேறியதும் உதறுகிறது என்றால் ஷிம் டேப்பெட்டைச் (ஷிம் என்ற சிறு தகட்டால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வகை) சந்தேகியுங்கள். வால்வு உட்காரும் சீட்டைக் கட்டிங் செய்தால் வால்வு உள்ளே ஏறி உட்காரும்; அதன் தண்டான ஸ்டெமின் நுனி எழும்பி கிளியரன்ஸை, அதாவது அந்த இடைவெளியைத் தின்றுவிடும். சூட்டில் ஸ்டெம் நீண்டதும் வால்வு முழுதாக மூடாது. எஞ்சினை நன்றாக ஆறவிட்டு ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, ஷிம் மாற்ற வேண்டும்.

இதெல்லாம் முடியும்வரை எஞ்சின் கம்ப்யூட்டரின் பெட்ரோல் அளவு அட்டவணையான மேப்பில் கை வைக்காதீர்கள். டியூனர் பெட்ரோலைக் கூட்டி உதறலை மறைத்துவிடுவார், வால்வு கருகிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டர் சைஸ் மாற்றியிருந்தால் மட்டும் மேப் முதலிலேயே பொருந்தியாக வேண்டும்.

கோளாறு தீர்ந்ததும், பெட்ரோல் கலந்த ஆயிலை இறக்கி, ஃபில்டரோடு புது மினரல் ஆயில் ஊற்றிய பிறகே ரன்னிங்-இன் (புது எஞ்சினைப் பழக்கும் ஓட்டம்) கணக்கைத் தொடங்குங்கள்.