மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பப் போகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவ ஆய்வு மாணவர்களின் புள்ளிவிவரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. மாநாடுகளுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் பொறுப்பும் அவ்வப்போது வந்து சேரும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே படிக்க வந்தவர்கள், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், எல்லோருமே ஆய்வை 250, 300 வார்த்தைகளில் சொல்லும் இந்தச் சுருக்கத்தை, அதாவது அப்ஸ்ட்ராக்டை, ஒரு விண்ணப்பமாகத்தான் பார்க்கிறார்கள். எப்படியாவது ஏற்றுக்கொண்டால் போதும், மற்றதை அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாநாடுகளில் வந்த சுருக்கங்கள் பிறகு என்ன ஆகின்றன என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2018-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளை அதில் சேர்த்துப் பார்த்தார்கள். முழுக் கட்டுரையாக வெளிவந்தவை சுமார் 37% மட்டுமே. மீதி ஆய்வுகளைப் பொறுத்தவரை உலகத்துக்கு எஞ்சியது அந்த 250, 300 வார்த்தைகள்தான். கிளினிக்கில் காலையிலிருந்து வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, உங்கள் கேள்வித்தாளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களின் பங்களிப்பு முழுவதும் அந்த வார்த்தைகளுக்குள்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைக் கடைசி ராத்திரியில் எழுதக் கூடாது.

மதிப்பீட்டாளராக நான் அடிக்கடி பார்க்கும் குறை ஒன்று உண்டு. பின்னணிக்குப் பாதி இடம் போயிருக்கும். நீரிழிவு உலகெங்கும் பெருகிவருகிறது, தென்னாப்பிரிக்க இந்தியரிடையே அதிகம் என்று ஐந்து வரி. அப்புறம் முறை இரண்டு வரி. முடிவுகள் என்ற தலைப்பின் கீழே, "முடிவுகள் மாநாட்டில் விவரிக்கப்படும்" என்று ஒரே வரி. என்னிடம் வரும்போது இதற்கு மிகக் குறைந்த மதிப்பெண்தான் போடுவேன், வேறு வழியில்லை. தரவு இன்னும் வரவில்லை என்றால் அடுத்த மாநாட்டுக்குக் காத்திருங்கள். பெரிய மாநாடுகள் சிலவற்றில் தாமதமாக வரும் முக்கிய முடிவுகளுக்கு லேட் பிரேக்கர் என்று தனிப் பிரிவு உண்டு. ஆனால் பெரிய பரிசோதனைகளின் புது முடிவுகளுக்காக ஏற்பட்ட வழி அது. வேலை முடியாதவர்களுக்குக் கொடுக்கும் அவகாசம் என்று அதை நினைக்க வேண்டாம்.

சரி, முடிவை எப்படி எழுதுவது? ஒரு பேச்சுக்கு, 240 நீரிழிவு நோயாளிகளைப் பார்த்தீர்கள், 96 பேருக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். "பலருக்குக் கட்டுப்பாட்டில் இருந்தது" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. "40%" என்று மட்டும் எழுதினாலும் போதாது, எத்தனை பேரில் என்று தெரியாது. "240 பேரில் 96 பேருக்கு, அதாவது 40% பேருக்கு, 95% நம்பக இடைவெளி 34 முதல் 46 வரை" என்று எழுதுங்கள். உண்மையான அளவு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டுவதுதான் அந்த இடைவெளி. சில வார்த்தைகள்தான் கூடுகின்றன. ஆனால் வேறொரு ஊரில் இதே ஆய்வைச் செய்பவர் உங்கள் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட முடியும். வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று பார்க்க உதவும் பி மதிப்பை மட்டும் போட்டு நிறுத்துகிறவர்களிடம் நான் கேட்பது, வித்தியாசம் எவ்வளவு என்பதை. வித்தியாசம் இருக்கிறது என்பது மட்டும் மருந்து எழுதும் டாக்டருக்கு உதவாது.

அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்கு நம் மாகாணத்திலேயே பாடம் இருக்கிறது. டர்பனைத் தலைமையிடமாகக் கொண்ட காப்ரிசா ஆய்வு மையம், குவாசுலு-நட்டாலில் 889 பெண்களிடம் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல்லைப் பரிசோதித்து, 2010 ஜூலையில் வியன்னாவில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் முடிவை வெளியிட்டது. எச்.ஐ.வி. தொற்று 39% குறைந்தது. உலகமே பேசிய முடிவு. அதோடு சேர்த்து அவர்கள் கொடுத்த இடைவெளி 6% முதல் 60% வரை. பலன் கணிசமாகவும் இருக்கலாம், மிகச் சிறியதாகவும் இருக்கலாம் என்பதை அந்த இரண்டு எண்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்டன. பிறகு தென்னாப்பிரிக்காவிலேயே 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஃபேக்ட்ஸ் 001 என்ற பரிசோதனை நடந்தது. 2015 பிப்ரவரியில் சியாட்டிலில் நடந்த ரெட்ரோவைரஸ் மாநாட்டில் அதன் முடிவு வந்தது: மருந்து கலந்த ஜெல் கொடுத்த குழுவுக்கும் மருந்தில்லாத ஜெல் கொடுத்த குழுவுக்கும் தொற்றில் வேறுபாடு இல்லை. பெண்கள் பலரால் ஜெல்லைச் சொன்னபடி தொடர்ந்து பயன்படுத்த முடியவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. முதல் ஆய்வைக் குறைசொல்ல இதில் ஒன்றும் இல்லை. தன் எல்லையைத் தானே சொல்லி வைத்த ஆய்வு அது. இரண்டாவது குழுவினரை நான் மனதார மதிக்கிறேன். "பலன் இல்லை" என்ற முடிவையும் அதே மேடையில் வைத்தார்கள் அல்லவா? எதிர்பார்த்தது வரவில்லை என்பதற்காகச் சுருக்கம் அனுப்பாமல் விட்டுவிடும் மாணவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்துப் பரிசோதனை என்றால், சுருக்கத்தில் எவையெல்லாம் இருக்க வேண்டும் என்று கன்சார்ட் குழு 2008-லேயே பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. எத்தனை பேர், என்ன பலன், என்ன பாதிப்பு, பரிசோதனையின் பதிவு எண், பணம் கொடுத்தது யார், எல்லாம் அதில் உண்டு. அதை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

முடிவுரை, தரவு சொன்னதைத் தாண்டக் கூடாது. ஒரே கிளினிக்கில், ஒரே காலகட்டத்தில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு "அரசு தன் கொள்கையை மாற்ற வேண்டும்" என்று முடிப்பது அதிகம்.

அடுத்தது, தனி ஒரு நோயாளியைப் பற்றிய சுருக்கங்கள். இதில் நம் சமூகத்துக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தைப்பூசத்தில் காவடி எடுத்து அலகு குத்தியவருக்குக் காயத்தில் தொற்று, தீமிதித்தவருக்குக் காலில் தீப்புண் என்று எழுத வேண்டியது வரலாம். மருத்துவரீதியாக எழுத வேண்டியதுதான். ஆனால் வயது, பேட்டை, கோயில், மாதம், தொழில் என்று ஐந்தையும் போட்டுவிட்டால், பெயரே வேண்டாம், சாட்ஸ்வர்த் முழுக்க ஆளைக் கண்டுபிடித்துவிடும். அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பதும் அதே சுருக்கத்தில் இருந்தால் நிலைமை என்ன ஆகும் என்று யோசியுங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே போப்பியா என்று சொல்கிறோமே அது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், மருத்துவத்துக்குத் தேவையில்லாத அடையாளங்களை எடுத்துவிடுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணையும் பல மாநாடுகளின் படிவம் கேட்கும். அந்த அனுமதி ஆய்வு தொடங்குவதற்கு முன்பே வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய கோப்புகளை மட்டும்தானே புரட்டினேன் என்பார்கள். அதற்கும் நெறிமுறைக் குழுவிடம் போகத்தான் வேண்டும்.

சுருக்கத்தின் ஆசிரியர்களாகப் போடும் பெயர்ப் பட்டியல் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. துறைத்தலைவர் பெயரை அவரைக் கேட்காமலே மரியாதைக்காகச் சேர்ப்பது இங்கே சாதாரணம். கேள்வித்தாளை ஜுலுவில் மொழிபெயர்த்து, வீடு வீடாகப் போய்ப் பேசி, கேள்விகளையே திருத்தி அமைத்த உதவியாளரின் பெயர் விடுபடுவதும் சாதாரணம். நோயாளிகளைச் சேர்ப்பதிலிருந்து தரவைச் சரிபார்ப்பது வரை உடனிருந்த நர்ஸ் சிஸ்டருக்கும் இதே கதிதான். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, யார் ஆசிரியர் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எழுதியதற்குப் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். உதவியாளருக்கும் சிஸ்டருக்கும் வரைவைக் காட்டாமல் இருந்துவிட்டு, அவர்கள் எழுதுவதில் பங்கெடுக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. வரைவை அனுப்புங்கள், கருத்துச் சொல்ல நேரம் கொடுங்கள். ஜூலை மாநாடுகளுக்கான கெடு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். டிசம்பர் நடுவிலிருந்து இங்கே பல்கலைக்கழகமே விடுமுறையில் இருக்கும். ஆகவே கூட்டாசிரியர்களின் ஒப்புதலை நவம்பரிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் பெயரையும் கவனியுங்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களில் தொடங்கி, நம் முன்னோர்களின் பெயர்களைக் குடியேற்ற அலுவலர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். இன்று குவாசுலு-நட்டாலில் கோவேந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்ற குடும்பப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் போட்டால், ஒரே மருத்துவக் கல்லூரியிலேயே நாலு பேர் ஒரே ஆளாகத் தெரிவார்கள். ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெறலாம், 2012 முதல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, எல்லாப் படிவத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில், முழுப் பெயரோடு எழுதுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அப்பா பெயரை ஒரு படிவத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போடுவதால் வரும் குழப்பமும் இதனால் தீரும்.

இனி, போலி மாநாடுகள். முதல் ஆய்வை முடித்த மாணவருக்கு "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் புகழ்பெற்ற பணியைப் படித்து வியந்தோம், துபாயிலோ பாரிஸிலோ சிறப்புரை ஆற்ற வாருங்கள் என்று அழைப்பு. பல் மருத்துவமும் நானோ தொழில்நுட்பமும் விவசாயமும் ஒரே மாநாட்டில் இருக்கும். அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும், கூடவே கட்டணத்துக்கான இணைப்பும். உண்மையான மாநாடுகளும் பதிவுக் கட்டணம் வாங்கும் என்பதால் பணம் கேட்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. யார் நடத்துகிறார்கள், அதன் பின்னால் ஏதாவது மருத்துவச் சங்கம் இருக்கிறதா, போன ஆண்டு நிகழ்ச்சி நிரல் கிடைக்கிறதா என்று பாருங்கள். குழுவில் பெயர் போட்டிருக்கும் ஒருவருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-இல் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு: வர ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயர்களைக் காட்டி மாநாடுகளை விளம்பரப்படுத்தியது. 2019-இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. இந்த மாதிரி இடங்களில் பணம் போவது ஒரு பக்கம். உங்கள் ஆய்வு, யாரும் மதிப்பிடாத ஓர் இடத்தில் உங்கள் பெயரோடு நிற்பது அதைவிடப் பெரிய இழப்பு. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழக நூலகரிடம் போங்கள். இந்த விஷயத்தில் மேற்பார்வையாளர்களைவிட நூலகர்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்பது என் அனுபவம்.

அனுப்பும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. நேர மண்டலம் முக்கியம். சிட்னி நேரப்படி நள்ளிரவு என்றால் ஜனவரியில் டர்பனில் பிற்பகல் 3 மணிக்கே கெடு முடிந்துவிடும். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டும்போது கிரேக்க எழுத்துகளும் "குறைவு அல்லது சமம்" குறியும் காணாமல் போகும், முன்னோட்டத்தில் பாருங்கள். ஆசிரியர் யார் என்று தெரியாமல் மதிப்பிடும் மாநாடு என்றால் சுருக்கத்துக்குள் மருத்துவமனைப் பெயர் வரக் கூடாது. டிராஃப்ட் என்று சேமித்துவிட்டு அனுப்பியதாக நினைத்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. உறுதி மின்னஞ்சல் கையில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

மாநாட்டில் சுருக்கமாகவோ, ஒட்டிவைத்து விளக்கும் போஸ்டராகவோ வந்ததை மருத்துவ இதழ்கள் முன்பே வெளியானதாகக் கருதுவதில்லை. இதழாசிரியர் குழுவின் விதியே அப்படித்தான். ஆகவே போஸ்டர் போட்டாயிற்று, இனி கட்டுரை எழுத முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். போஸ்டர் முன்னால் நின்று கேட்டவர்கள் எழுப்பிய கேள்விகளை அன்றே குறித்துக்கொண்டால், கட்டுரையின் விவாதப் பகுதிக்கு அதுவே அடித்தளம்.

பணத்தை நினைத்து அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். பெரிய சர்வதேச மாநாடுகள் பல, வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளிலிருந்து வரும் இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி கொடுக்கின்றன. அந்த விண்ணப்பத்தின் கெடுவும் சுருக்கத்தின் கெடுவோடு ஒட்டியே வரும். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டால் வாய்ப்பு போய்விடும். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கும் சரி, இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் சரி, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மாணவர் அனுமதியில் இங்கே இருப்பவர்கள், அந்த அனுமதி பயணம் முடிந்து திரும்பிய பிறகும் செல்லுபடியாகுமா என்று முதலில் பாருங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால், சுருக்கத்தை அனுப்பிய வாரத்திலேயே அந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.