தார்ஜிலிங்: இடி நிலமா, வயிரப்பொழிலா?

மளிகைக் கடையில் தேயிலைப் பெட்டியை எடுத்துப் பார்த்தால் 'டார்ஜிலிங்' என்றிருக்கும். சுற்றுலா விளம்பரத்தில் 'டார்ஜீலிங்' என்றிருக்கும். என்ன பொருள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 'இடிகளின் நிலம்'. ஊரின் பெயரை நாம் எழுதும் முறை, அதற்கு நாம் சொல்லும் பொருள், இரண்டுமே ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்தவை. நேராகப் போய்ப் பார்த்தால் எழுத்தும் மாறுகிறது, பொருளும் மாறுகிறது. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், அந்தப் பொருளுக்குத் தமிழில் ஏற்கெனவே அழகான சொற்கள் இருக்கின்றன என்பது.

முதலில் எழுத்தை முடித்துவிடுவோம். அந்த ஊரில் பெரும்பாலோர் பேசுவது நேபாளி. நேபாளியிலும் இந்தியிலும் வங்காளத்திலும் இந்தப் பெயரின் முதல் ஒலி நாக்கு பல்லைத் தொட்டு வருவது. 'தானம்', 'தேவன்' என்று நாம் சொல்லும்போது வருகிற அதே ஒலி. ஆங்கிலத்தில் 'த'வுக்கும் 'ட'வுக்கும் தனித்தனி எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் 'ட' போட்டுவிட்டோம். தில்லி டெல்லி ஆனதும், தேஹ்ராதூன் டேராடூன் ஆனதும் இப்படித்தான். வங்கதேசத் தலைநகர் டாக்கா மட்டும் வேறு கதை. அங்கே வங்காளத்திலேயே 'ட' வகை ஒலிதான். ஆக, 'தார்ஜிலிங்' என்று எழுதுவதே சரி. கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் 'தார்சிலிங்' என்று எழுதலாம். சொல்லின் முதலில் டகரம் வராது என்ற தமிழ் மரபுக்கும் தகரம் ஒத்துப்போகிறது.

அப்புறம் பொருள். பெயர் திபெத்திய மொழியிலிருந்து வந்தது: 'தோர்ஜே' என்ற சொல்லும் 'லிங்' என்ற சொல்லும் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் சிலர் 'தோர்ஜிலிங்' என்றே எழுதினார்கள். தோ என்பது தா ஆனது பிறகு நிலைத்த வழக்கு. திபெத்திய எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'ர்தோ-ர்ஜே க்லிங்' என்று வரும். சொல்லின் முதலில் நிற்கும் 'ர்', 'க்' என்ற மெய்கள் எழுத்தில் மட்டும் இருக்கும், வாயில் வராது; நடுவில் வரும் 'ர்' மட்டும் ஒலிக்கும். ஆனால் சொல்லின் பிறப்பைத் தேடுபவருக்கு அந்த எழுத்துக்கூட்டு பெரிய உதவி. 'ர்தோ' என்றால் கல். 'ர்ஜே' என்றால் தலைவன், ஆண்டவன். கற்களுக்கெல்லாம் தலைவன் எது? வைரம். வடமொழியின் 'வஜ்ர' என்ற சொல்லுக்கு நேராகத் திபெத்தியர்கள் அமைத்துக்கொண்ட சொல் இது.

'வஜ்ர' என்பதற்கு வடமொழியில் இரண்டு பொருளும் உண்டு: இந்திரன் கையில் இருக்கும் இடிப்படை, எதனாலும் கீற முடியாத வைரக் கல். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் 'இடி நிலம்'. மழைக்காலத்தில் மேகம் வந்து ஊரையே மூடிக்கொள்ளும் மலை என்பதால் அந்தப் பொருள் பொருந்துவது போலவும் தோன்றியது. ஆனால் பௌத்தத்தில் தோர்ஜே என்றதும் வானத்து இடி நினைவுக்கு வருவதில்லை. எதையும் அறுக்கும், தன்னை எதுவும் அறுக்க முடியாது என்ற அந்த உறுதிதான் நினைவுக்கு வருகிறது. திபெத்திய பௌத்தத்துக்கு 'வச்சிரயானம்' என்ற பெயர் வந்ததும் அந்தப் பொருளில்தான்.

தோர்ஜே ஒரு கருத்து மட்டுமல்ல, கையில் பிடிக்கும் பொருளும்கூட. உள்ளங்கையில் அடங்கும் வெண்கல அல்லது பித்தளைக் கருவி. நடுவில் சிறு உருண்டை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கிற இடம் அது. உருண்டையின் இரண்டு பக்கமும் தாமரை இதழ் செதுக்கியிருக்கும். இதழிலிருந்து வளைந்த முனைகள் கிளம்பி, வெளியே விரிந்து, நுனியில் மறுபடி ஒன்று கூடும். பார்க்க மொட்டுப் போல இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, எனவே தலை எது அடி எது என்று சொல்ல முடியாது. திபெத்திய பௌத்தக் குருவான லாமா பூசையில் இதை வலக்கையில் பிடித்திருப்பார், இடக்கையில் மணி. தோர்ஜே கருணையோடு செயல்படும் வழியைக் குறிக்கும், மணி மெய்யறிவைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பூசை. முனைகள் நுனியில் மூடியிருக்கும் இந்தக் கருவியைப் பார்த்த பிறகு, யாரையும் குத்தும் ஆயுதமாக அதை நினைக்க முடியாது.

இந்தச் சொல் தமிழுக்குப் புதிதே அல்ல. புறநானூற்றில் ஆய் ஆண்டிரன் என்ற வள்ளல் இறந்தபோது பாடிய பாட்டில் (241) இந்திரன் 'வச்சிரத் தடக்கை நெடியோன்' என்று வருகிறான். புகார் நகரில் 'வச்சிரக் கோட்டம்' என்றே ஒரு கோயில் இருந்ததைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் சொல்கின்றன. இந்திர விழா தொடங்குவதை அறிவிக்கும் முரசு அங்கிருந்துதான் யானை மேல் ஏறும். அதே 'வஜ்ர' பிராகிருதம் வழியாக வயிரம் ஆகி, பேச்சில் வைரம் ஆனது. தமிழில் இந்தச் சொல் நகைக்கடையோடு நின்றுவிடவில்லை. மரத்தின் நடுவில் இறுகிக் கறுத்த பகுதியும் வைரம்தான். 'வைரம் பாய்ஞ்ச கட்டை' என்று வயசானாலும் தளராத பெரியவர்களைச் சொல்கிறோமே, அது மரத்திலிருந்து வந்த பேச்சு. தச்சர்கள் பலகையை ஒட்டக் காய்ச்சும் பசைக்கும் 'வச்சிரம்' என்றே பெயர்; ஒட்டினால் பிரியாது. கல்லின் உறுதி, மரத்தின் உறுதி, ஒட்டின் உறுதி எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. தோர்ஜே என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தேடிப் போக வேண்டியதில்லை. 'இடி' என்று பெயர்ப்பது கையில் வைரத்தை வைத்துக்கொண்டு கூழாங்கல் பொறுக்குவது.

அடுத்தது 'லிங்'. இதற்கு 'நிலம்', 'இடம்' என்று சொல்லிவிட்டு எல்லோரும் கடந்துபோகிறார்கள். நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். திபெத்தியத்தில் 'லிங்' என்பதன் அடிப்படைப் பொருள் தீவு. அதிலிருந்து கண்டம், பிறகு தனித்து ஒதுங்கி நிற்கும் இடம், பிறகு மடாலயம் என்று பொருள் விரிந்தது. பௌத்த நூல்களை வடமொழியிலிருந்து திபெத்தியத்துக்குக் கொண்டுபோனவர்கள் 'த்வீப' என்று வந்த இடத்திலெல்லாம் 'லிங்' என்று போட்டார்கள். பழைய நூல்கள் நாம் வாழும் நிலப்பரப்புக்குச் சொல்லும் 'ஜம்புத்வீபம்' என்ற பெயர் அவர்களிடம் 'ஜாம்புலிங்' ஆனது. அதே ஜம்புத்வீபத்தைத் தமிழர் 'நாவலந்தீவு' என்றார்கள். ஜம்பு மரம் நாவல் மரம், த்வீபம் தீவு. ஒரே சொல்லை இமயத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரும் தென்கோடியில் ஒருவரும் தத்தம் மொழியில் பெயர்த்துக்கொண்டதைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

தமிழில் இன்னொரு வடிவமும் உண்டு: 'நாவலந் தண்பொழில்'. சங்கப் பாடல்களில் வருவது. பொழில் என்றால் சோலை என்றுதான் நமக்கு உடனே தோன்றும். ஆனால் பழந்தமிழில் பொழிலுக்கு உலகம், நிலப்பகுதி என்ற பொருளும் உண்டு. இப்போது திபெத்துக்குத் திரும்பிப் பாருங்கள். அங்கே 'லிங்' என்றால் தீவு, கண்டம். 'லிங்கா' என்றால் பூங்கா. லாசாவில் தலாய் லாமாக்களின் கோடை அரண்மனைக்கு 'நோர்புலிங்கா' என்று பெயர், அதாவது மணிப்பூங்கா. நிலப்பகுதிக்கும் சோலைக்கும் நடுவே திபெத்தியச் சொல் எப்படி உலவுகிறதோ, அப்படியே நம்முடைய பொழிலும் உலவுகிறது. இரண்டுக்கும் பிறப்பு உறவு எதுவும் கிடையாது, சொற்கள் வேறு, குடும்பம் வேறு. ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று நேராகப் பொருந்துகின்றன.

சரி, இந்தப் பெயர் எப்படி ஊருக்கு வந்தது? முதலில் அது ஊரின் பெயர் அல்ல, ஒரு மடாலயத்தின் பெயர். இன்று அப்சர்வேட்டரி ஹில் என்று சொல்லும் குன்றின் உச்சியில் 'தோர்ஜே லிங்' என்ற பௌத்த மடம் இருந்தது. 1765-இல் லாமா தோர்ஜே ரின்சிங் கட்டியது என்பது மரபு. மலை அப்போது சிக்கிம் அரசருடையது. அந்த அரசர்களுக்குச் 'சோக்யால்' என்று பட்டம், அறவேந்தன் என்று பொருள். அவர்களுக்கும் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் லெப்சா மக்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேபாளத்துக் கூர்க்காக்கள் இந்த மலைகளைப் பிடித்தார்கள். 1815 வாக்கில் மடமும் சூறையாடப்பட்டது. ஆங்கிலேயர் நேபாளத்தோடு போரிட்டு வென்று, 1817-இல் தித்தாலியா உடன்படிக்கைப்படி இந்த நிலத்தைச் சிக்கிமிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

திருப்பிக் கொடுத்தவர்களே பிறகு கேட்டு வந்தார்கள். 1820-களின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த லாய்டு என்ற படை அதிகாரிக்கு மலையின் குளிர்ச்சி பிடித்துப்போனது. வங்கத்து வெயிலில் நோயுற்ற வெள்ளையர்கள் உடல் தேற இது நல்ல இடம் என்று அவர் மேலிடத்துக்குச் சொன்னார். 1835 பிப்ரவரி 1 அன்று சிக்கிம் அரசர் சுக்புத் நம்கியால் தார்ஜிலிங் மலையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். சிறிய ஆவணம்தான். தலைமை ஆளுநர் குளிர்ந்த காற்றை வேண்டி மலையைக் கேட்டதால் நட்பின்பேரில் கொடுக்கிறேன் என்கிறது. எல்லை எப்படிக் குறித்திருக்கிறார்கள் தெரியுமா? பெரிய ரங்கீத் ஆற்றுக்குத் தெற்கே. பாலாசன், காஹேல், சின்ன ரங்கீத் ஆறுகளுக்குக் கிழக்கே. ரங்னோ, மகாநந்தா ஆறுகளுக்கு மேற்கே. மூன்று பக்கமும் ஆறுகளாலேயே எல்லை குறித்த நிலம். ஆற்றுக்கு நடுவே அமைந்த மேட்டை நாம் அரங்கம் என்றும் துருத்தி என்றும் சொல்வோம். திருவரங்கம் அப்படி வந்த பெயர். மடத்துக்குப் பெயர் வைத்தவர் இந்த ஆற்றெல்லைகளை நினைத்து 'லிங்' என்று வைக்கவில்லைதான். ஆனால் ஆவணத்தைப் படிக்கும்போது தீவு என்ற பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

நட்பு நீடிக்கவில்லை. 1841 முதல் அரசருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் கொடுத்தார்கள், 1846-இல் அது 6,000 ஆனது. 1849-இல் மலையின் கண்காணிப்பாளர் கேம்பெல்லும் தாவரவியலாளர் ஹூக்கரும் சிக்கிமில் சிறைபிடிக்கப்பட்டார்கள். அதைக் காரணம் காட்டி அந்தத் தொகையை நிறுத்தி, சிக்கிமின் இன்னும் பல மலைகளையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. கேம்பெல் 1841-இல் தம் தோட்டத்தில் ஊன்றிய தேயிலை விதை, 1881-இல் மேலே ஏறி வந்த இரண்டடி அகல ரயில் பாதை, அதன்பின் உலகமெல்லாம் பரவிய பெயர் என்று மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் முதன்முதலில், 2004-இல், புவிசார் குறியீடு பெற்ற பொருள் தார்ஜிலிங் தேயிலைதான். ஒரு மடத்தின் பெயர் தேயிலைக்கு மாறி, சட்டப் பாதுகாப்பும் பெற்றுவிட்டது.

மடம் இன்று அந்தக் குன்றில் இல்லை. கீழே பூட்டியா பஸ்தி என்ற குடியிருப்புக்குப் போய்விட்டது. உச்சியில் இப்போது சிவனுக்குரிய மகாகால் கோயில் இருக்கிறது. இதனால் ஊர்ப்பெயருக்கு இன்னொரு விளக்கமும் கிளம்பியது: 'துர்ஜய லிங்கம்', வெல்ல முடியாத சிவலிங்கம், அதுவே தார்ஜிலிங் ஆயிற்று என்று. 'லிங்' என்று காதில் விழுந்ததும் தமிழருக்கும் லிங்கம்தான் தோன்றும். பக்தியோடு சொல்லும் விளக்கம் என்றாலும் சொல்லாராய்ச்சிக்கு அது நிற்காது. தெரியாத மொழிச் சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக் கேட்பது மக்கள் வழக்கம். இதே ஊரிலிருந்து தெரியும் கஞ்சன்ஜங்காவை வங்காளத்தில் 'காஞ்சன'மாக்கிப் பொன்மலையாகக் கேட்கிறார்கள். திபெத்தியத்தில் அது 'பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள்'. ஊரை அடுத்த 'ஜலாபஹார்' மேட்டை நாம் கேட்டால் ஜலம் என்று நினைப்போம். 'ஜலா' என்றால் எரிந்த என்று பொருள், அது எரிந்த மலை. லெப்சா மக்களோ 'தார்ஜ்யூ லியாங்', தெய்வங்களின் உறைவிடம், என்று தங்கள் மொழியில் பிரித்துச் சொல்கிறார்கள். மண்ணின் முதல் மக்கள் என்பதால் அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் மடத்தின் பெயர் வழியாக வரும் தோர்ஜே லிங்கைத்தான் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

ஆக, ஊரைக் குறிக்கும்போது தார்ஜிலிங் என்றே எழுதுவோம். ஊர்ப்பெயரை மொழிபெயர்த்து வழங்குவது சரியல்ல, அங்கே போகிறவருக்கு வழியும் தெரியாது. பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'இடி நிலம்' என்பதை விட்டுவிட்டு 'வயிரப்பொழில்' என்று எழுதலாம். பௌத்தச் சூழலில் சொல்வதானால் 'வச்சிரத்தீவு' இன்னும் நெருக்கம்.

பெயர் பிறந்த குன்றுக்குப் போகிறவர்கள் சௌரஸ்தாவிலிருந்து, அதாவது நாற்சந்தியிலிருந்து, மேலே நடக்க வேண்டும். மரங்களுக்கிடையே பௌத்த வேண்டுதல் கொடிகள் கோத்த கயிறுகள் நெருக்கமாகக் கட்டியிருக்கும், பனிமூட்டத்தில் அவை ஈரமாகத் தொங்கும். உச்சியில் ஒரே சன்னிதிக்குள் ஒரு பக்கம் இந்துப் பூசாரி, மறுபக்கம் பௌத்த லாமா. வருகிறவர்கள் இருவரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.