நூல் எட்டவில்லை

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஓர் ஆவணப்படத்தின் இணைப்பை அனுப்பியிருந்தான். அவன் அப்பாவுக்குப் பதினோரு வருஷமாக நான்தான் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிறேன். "அப்பாவைப் பாக்கச் சொல்லுங்க டாக்டர், நான் சொன்னா கேக்க மாட்டாக" என்று ஒரு வரியும் இருந்தது. உலகம் முழுக்க உடல் பருமன் எப்படி ஏறிக்கொண்டே போகிறது என்பதுதான் படம். பெரும்பாலும் அமெரிக்கா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு டிவியில் போட்டேன். என் மாமியாரும் கூட உட்கார்ந்தார். தெருவில் நடந்து போகும் கனத்த உடம்புக்காரர்களைக் கழுத்துக்குக் கீழே மட்டும் காட்டிக்கொண்டே போனார்கள். பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார்: "யம்மாடி, நம்ம ஊர்ல இப்படி யாரு இருக்கா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. பர்கர், பெரிய தம்ளரில் கோலா, வீட்டை விட்டு வெளியே வர முடியாத நாலு பேர் என்று காட்டினால், பார்க்கிற நம் ஆள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

படத்தின் சேதி பொய் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெரியவர்களில் நூற்றுக்கு 13 பேர் உடல் பருமனோடு இருந்தார்கள். 2017-18 கணக்கில் 42 பேர். ஆலையில் தயாராகிப் பாக்கெட்டில் வரும் உணவுதான் பெரிய குற்றவாளி என்கிறது படம். அதற்குச் சான்றும் உண்டு. கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் பாக்கெட் வகை உணவும் இரண்டு வாரம் சமைத்த உணவும் கொடுத்துப் பார்த்தார். இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் ஒரே அளவில்தான் முன்னால் வைக்கப்பட்டன. வேண்டுமளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 2019-இல் வந்த ஆய்வு இது. குழந்தைக்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஆம், என் வீட்டிலும் பிரிக்கிறோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-இல் நூற்றுக்கு 31 பேர். அடுத்து 2019-21-இல் எடுத்தபோது 40 பேர். ஆண்கள் 28-லிருந்து 37. இதற்கு வெள்ளைக்காரர்களுக்கான பழைய அளவுகோலைத்தான் வைத்தார்கள். அதாவது உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு, பி.எம்.ஐ., 25-ஐத் தாண்டினால்தான் எடை கூடியவர். நம்மைப் போன்றவர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை மணி அடித்தாக வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவர்களின் அளவு.

ஏன் நமக்கு மட்டும் தனி அளவு? 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு வேடிக்கையான படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன் பேராசிரியர் யட்கின் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சாக 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் யட்கினுக்கு நூற்றுக்கு 9, நம் யாஜ்னிக்குக்கு 21. எடை மெஷின் இருவரையும் ஒன்று என்றுதான் சொல்லும். நமக்குச் சதை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தொடையிலோ இடுப்பிலோ தங்காமல் வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்க மறுக்கிறது, சர்க்கரை ஏறுகிறது. கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பானை மாதிரி. நம் ஊர்ப் பருமனின் உருவம் இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பெரிய நீரிழிவு ஆய்வு 2023-இல் வந்தபோது நாடு முழுவதும் பி.எம்.ஐ. கணக்கில் பருமன் நூற்றுக்கு 28 பேருக்கு மேல், வயிற்றுப் பருமன் 39 பேருக்கு மேல் என்று இருந்தது. இடையில் இருக்கும் அந்தப் பதினோரு பேர்தான் தினமும் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள். "நான் ஒண்ணும் குண்டு இல்லையே டாக்டர்" என்பார்கள்.

ஆண்களிடம் இன்னொரு வாசகம் உண்டு. "இருபது வருஷமா எனக்கு 34 சைஸ் பேண்ட்தான்." உண்மைதான் அண்ணாச்சி. இருபது வருஷத்துக்கு முன்னால் பெல்ட் தொப்புளுக்கு மேலே இருந்தது, இப்போது தொந்திக்குக் கீழே நாலு விரல் இறங்கிவிட்டது. பேண்ட் சைஸ் மாறாமல் இருக்க அதுதான் வழி.

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பீடித் தொழிலாளி வந்திருந்தார். நாற்பத்தொரு வயசு. "கால் மரத்துப் போவுது டாக்டரம்மா" என்பதுதான் அவர் சொன்ன தொந்தரவு. எடை 56 கிலோ, உயரம் 152 செ.மீ. பி.எம்.ஐ. 24. பழைய அளவுகோலில் அவர் சரியான எடைக்காரர். சேலை கட்டிய பெண்களுக்கு இடுப்பளவு எடுப்பது லேசான காரியம் இல்லை, கொசுவம் வந்து உட்காருகிற இடமே அதுதான். மேலே வைத்து அளந்தால் துணியைத்தான் அளப்போம். திரைக்குப் பின்னால் நர்ஸைக் கூட வைத்துக்கொண்டு, கொசுவத்தைத் தளர்த்தி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட நிலையில் அளந்தேன். 88. பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும், ஆண்களுக்கு 90-க்குள்.

"எட்டு அதிகம்மா" என்றேன். செ.மீ. கணக்கெல்லாம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சும்மா ஒரு யோசனையில், "உன் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, ரெண்டா மடிச்சா, அது உன் இடுப்பைச் சுற்றி வரணும். வந்தா தப்பிச்ச" என்றேன். அதுவும் நாங்கள் நம்புகிற ஓர் அளவுதான்: இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அவர் சிரித்தார். பையைத் திறந்து பீடி கட்டுகிற நூல்கண்டை எடுத்தார். வரும் வழியில் வாங்கியதாம். நர்ஸ் அவர் காலடியில் ஒரு முனையை வைத்து, தலை வரை இழுத்து வெட்டினாள். மடித்தோம். சுற்றினோம். இரண்டு முனைக்கும் நடுவே அவரே தன் விரல்களை வைத்துப் பார்த்தார். ஆறு விரல். சிரிப்பு நின்றுவிட்டது.

ஆவணப்படம் என்றால் இந்த இடத்தில் ஜிம்முக்குப் போகச் சொல்லும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் மடியில் தட்டை வைத்து உட்காருகிறவர் அவர். இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, முனை மடக்கி, நூல் சுற்றி, பொழுது சாய்வதற்குள் ஆயிரம் என்பது கணக்கு. எழுந்தால் கணக்குக் குறையும், குறைந்தால் கூலி குறையும். இவருடைய அம்மா தாமிரபரணிப் பாசனத்தில் நடவு நட்டவர். தூக்குவாளி நிறையப் பழையசோறு கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு முழங்கால் சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவர். மகள் சாப்பிடுவது அதே சோறு, அதே அளவு. அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு சாப்பிட்டோம் தெரியுமா என்று கேட்கும் பெரியவர்களுக்கு என் பதிலும் அதுதான்: சோறு அப்படியே இருக்கிறது, வயல்தான் இல்லை.

நான் சொன்னது சின்ன விஷயம். நூறு பீடி முடிந்ததும் தட்டை இறக்கி வை, எழுந்து போய்த் தண்ணீர் குடி, வாசல் வரை நாலு தடவை நட. எப்படியும் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறாய்.

இந்தப் பக்குவம் எனக்கு முதலிலேயே வந்துவிடவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மகளிர் பரிசோதனை முகாமில், வரிசையில் பத்துப் பேர் நிற்க, ஒரு பெண்மணியிடம் "இவ்வளவு உடம்பை வெச்சுக்கிட்டு மூட்டு வலிக்காம என்ன செய்யும்?" என்று சத்தமாகக் கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன். அவர் இரண்டு வருஷம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. திரும்பி வந்தபோது சர்க்கரை 340, காலில் ஆறாத புண். அந்தப் படத்தில் கழுத்துக்குக் கீழே காட்டுவதை என்னால் பொறுக்க முடியாததற்குக் காரணம் அது. முகத்தை மறைத்தால் மரியாதை கொடுத்ததாக நினைக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு ஆள் போய்விடுகிறது, தொந்தி மட்டும் மிஞ்சுகிறது.

அல்வாவைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. டவுனில் சாயங்காலம் வாழையிலைத் துண்டில் சூடாக ஐம்பது கிராம் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு, வாயை மாற்ற ஒரு பிடி காரச்சேவு போட்டுக்கொண்டு போகிறவரை அது கெடுப்பதில்லை, தினமும் போகாத வரையில். கிலோக் கணக்கில் வாங்கி பஸ் ஏறுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். சொதியும் அப்படித்தான், மறுவீட்டுக்கு மறுவீடு வருகிற தேங்காய்ப்பாலைக் குறை சொல்ல மாட்டேன்.

என் சண்டை தினசரிச் சாப்பாட்டோடு. முதலில் டீ. ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம் ஆகிவிடும். 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "கருப்பட்டிதான் டாக்டர் போடுதேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. வாசனை அருமை, ஆனால் உடம்புக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். அடுத்து ராத்திரி பரோட்டா. எட்டு மணிக்கு மேல் எந்த ரோட்டில் போனாலும் கல்லில் தட்டுகிற சத்தம் கேட்கும். மாசத்துக்கு ஒரு தடவை குற்றாலம் போய்விட்டு பார்டர் பரோட்டா கடையில் சாப்பிடுவது வேறு, தினமும் சால்னாவில் மூணு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு நேராகப் படுக்கப் போவது வேறு.

சோற்றுக்கு நான் சொல்லும் வழி ஒன்று நன்றாக வேலை செய்கிறது. நாம் குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் சோறு போட்டுக்கொள்கிறோம். குழம்புச் சோற்றோடு நிறுத்திவிட்டு ரசத்தையும் மோரையும் தம்ளரில் குடியுங்கள். எந்த ருசியும் போகாது, மூன்றில் இரண்டு பங்கு சோறு போய்விடும். காலியான இடத்துக்கு அவியலும் சுண்டலும் வரட்டும், மீனோ முட்டையோ சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும்.

இப்போது கிளினிக்கில் புதிதாகக் கேட்கிற கேள்வி எடை குறைக்கும் ஊசியைப் பற்றி. 2025-இல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. நல்ல மருந்துகள்தான், தேவையானவர்களுக்கு எழுதவும் செய்கிறேன். ஆனால் மருமகளின் கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று வருகிறவருக்கு எழுத மாட்டேன்.

எடை குறையவில்லையே என்று மூன்றாம் மாதமே சோர்ந்து போகிறவர்களிடம் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை எடுத்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டைத் திருத்தி நடக்க ஆரம்பித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது மூன்று வருஷத்தில் 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாக இறங்கவில்லை.

ஆலங்குளத்துக்காரர் மூன்று மாதம் கழித்து வந்தார். அதே நூலைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்திருந்தார். ஆறு விரல் நாலாகியிருந்தது. எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது, அதை அவர் கேட்கக்கூட இல்லை. தெருவில் எல்லாருக்கும் நூல் வெட்டிப் பார்த்தாராம். "எங்க மைனிக்கு எட்டு விரலு டாக்டரம்மா, அழுதுட்டாக."

கூட ஒரு பையனை இழுத்து வந்திருந்தார். மகன், பத்தொன்பது வயசு, செல்போன் கடையில் வேலை. ஒல்லியாக, கன்னம் ஒட்டி இருந்தான். கிளினிக்கில் இருந்த எல்லாரும் அவனைப் பார்த்து ரத்தக்குறைவு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"இவனுக்கும் நூலு எட்டலம்மா. ராத்திரி வேலை முடிஞ்சு தினமும் பரோட்டாதான். ஒல்லியாத்தான இருக்கேன்னு என்னைய ஏசுதான்."

சட்டையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றினேன். அவன் மூச்சை உள்ளே இழுத்தான். "விடுலே" என்றார் அம்மா. விட்டான். ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், திங்கட்கிழமை ரிசல்ட் வரும்.