சின்ன வண்டியில் பெரிய இன்ஜின் ஏற்றலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என் சித்தப்பா மகன் செம்மேட்டில் இருக்கிறான், பழைய மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கிறான். வீட்டில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தால் முப்பதாவது வளைவிலேயே வண்டிக்கு மூச்சு வாங்கும். முதல் கியரைப் போட்டு உறுமிக்கொண்டே போக வேண்டும். போன வருடம் அடிவாரத்து மெக்கானிக் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "பழைய வேகன்ஆர் இன்ஜின் ஒண்ணு சல்லிசா வருது தம்பி. 1061 சிசி. தூக்கி வச்சுட்டா மலையே தெரியாது. புக்ல அப்புறம் ஏத்திக்கலாம்."

அவன் எனக்கு போன் செய்து கேட்டது ஒரே கேள்வி. "அண்ணா, நிஜமாவே ஆர்சி புக்ல ஏத்திக்க முடியுமா?"

முடியாது. சொந்தக் கார், வாடகை வண்டி, பைக் எதுவாக இருந்தாலும் பதில் இதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்ஜினை இறக்கிய பிறகு தெரிந்தால் போன பணம் திரும்பி வராது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52(1)-ஆம் பிரிவு சொல்வது இது. வண்டியைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்சியில் உள்ள விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த வாசகம் இது. ஆர்சியை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் நம்பர், சிசி, சிலிண்டர் எண்ணிக்கை, எரிபொருள், வண்டியின் எடை எல்லாம் அதில் இருக்கும். ஆம்னியில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர். அவர் ஏற்றச் சொன்னது 1061 சிசி, நான்கு சிலிண்டர். நம்பர், சிசி, சிலிண்டர் மூன்றுமே மாறிவிடுகின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் இன்ஜின்தானே என்று அவன் கேட்டான். ஒரே நிறுவனம் என்பது போதாது. அந்த மாடலுக்கு அந்த நிறுவனம் குறிப்பிட்ட இன்ஜினாக இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவை எப்படிப் படிப்பது என்பதில் முன்பு குழப்பம் இருந்தது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்தது. தயாரிப்பாளரின் அசல் குறிப்புகளுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, மாநில விதிகளைக் காட்டியும் அதைச் செய்ய முடியாது என்று நீதிமன்றம் கூறியது. என் பார்வையில் இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் நியாயமானது. ஒரு மாடல் விற்பனைக்கு வரும் முன் அதன் மாதிரி வண்டியைச் சோதனை நிறுவனத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த எடை, அந்த வேகம், அந்த இன்ஜினின் இழுவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பிரேக் சோதிக்கப்படுகிறது. இன்ஜினை மட்டும் மாற்றினால் பிரேக் பழையதாகவே இருக்கும். 70 வளைவு ஏறிய வண்டி அதே 70 வளைவில் இறங்கவும் வேண்டும்.

மீறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ(4)-இன்படி, அனுமதிக்கப்படாத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "அய்யாயிரம்தானே, கட்டிட்டுப் போயிடலாம்" என்று நினைப்பவர்கள் 55(5)-ஐயும் படிக்க வேண்டும். வண்டியில் பொறித்துள்ள இன்ஜின் நம்பரோ சேஸிஸ் நம்பரோ ஆர்சியில் உள்ளதில் இருந்து வேறுபட்டால், பதிவு அதிகாரி உரிமையாளருக்கு விளக்கம் தர ஒரு வாய்ப்பு கொடுத்துவிட்டு, வண்டியின் பதிவையே ரத்து செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு வண்டியை ஓட்டலாம், பதிவு போய்விட்டால் ஓட்ட முடியாது.

இந்த வேறுபாடு எப்படியும் ஒருநாள் வெளியே வரும். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பரை ஒத்துப் பார்ப்பார். வாடகை வண்டி என்றால் ஒவ்வொரு எஃப்சியிலும் (தகுதிச் சான்று சோதனை) பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும்தான்.

இன்சூரன்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கார்களுக்கான மூன்றாம் நபர் பிரீமியம், அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ் கட்டணம், சிசியை வைத்துத்தான் போடப்படுகிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி தனியார் கார் 1000 சிசிக்குள் இருந்தால் வருடத்துக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். அதற்கும் மேல் 7,897 ரூபாய். 796 சிசிக்குப் பணம் கட்டிவிட்டு 1061 சிசியில் ஓட்டினால், நீங்கள் ஓட்டும் வண்டி வேறு, பாலிசியில் உள்ள வண்டி வேறு. சொந்தச் சேதத்துக்கு க்ளெய்ம் கேட்டுப் போகும்போது மறுப்பதற்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போல் ஆகிவிடும். யாருக்காவது அடிபட்டு இழப்பீட்டு வழக்கு வந்தால் இந்த விவகாரம் அங்கேயும் வந்து நிற்கும்.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தின் 2(8)-ஆம் பிரிவில் "டீலர்" என்பதற்குள் வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்பவரும் வருகிறார். 182ஏ(1)-இன்படி, வண்டியின் கட்டமைப்பு, புகை ஆகியவை பற்றிய ஏழாம் அத்தியாயத்துக்கோ அதன் விதிகளுக்கோ முரணாக ஒரு டீலர் வண்டியை மாற்றிக் கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வண்டிக்காரருக்கு 5,000, பட்டறைக்காரருக்கு ஒரு லட்சம். பல பட்டறைகளில் இது தெரியாமலே வேலை நடக்கிறது. நல்ல கைவேலைக்காரர்கள் இதில் மாட்டக்கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

அப்படியானால் இன்ஜினை மாற்றவே முடியாதா? மாற்றலாம், அதே வகை இன்ஜினாக இருந்தால். பிளாக் வெடித்துவிட்டது, கனெக்டிங் ராடு உடைந்து ஓட்டை போட்டுவிட்டது என்றால் அதே மாடல், அதே சிசி, அதே எரிபொருள் இன்ஜினைப் போட்டு, புதிய நம்பரை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி, பிறகுதான் பட்டறை. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையில் விண்ணப்பிக்கலாம். ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இன்ஜின் வாங்கிய பில் ஆகியவை கையில் இருக்கட்டும். இன்ஜினை மாற்றிய பிறகு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், நம்பரைச் சரிபார்த்து ஆர்சியில் பதிவார்கள். அனுமதி இல்லாமல் மாற்றம் நடந்துவிட்டால் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்று 52(3) சொல்கிறது. அதற்காக, தடை செய்யப்பட்ட மாற்றத்தைச் செய்துவிட்டு 14 நாளுக்குள் போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. முன் அனுமதி இல்லாமலே இன்ஜின் மாற்றும் சலுகை ஒன்றும் உண்டு. குறைந்தது பத்துப் போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு மாநில அரசு அறிவிக்கை மூலம் அதைத் தரலாம். அதுவும் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினுக்குத்தான்.

வண்டி மேல் கடன் இருந்தால் பைனான்ஸ் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும்.

பழைய இன்ஜின் வாங்கும்போது ரொம்பக் கவனம். சென்னை புதுப்பேட்டையானாலும் சரி, உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையானாலும் சரி, அந்த இன்ஜின் எந்த வண்டியில் இருந்து கழற்றப்பட்டது என்று கேளுங்கள். அந்த வண்டியின் ஆர்சி நகல், அதன் பதிவு ரத்தான சான்று, கடைக்காரரின் முகவரியோடு பில் எல்லாவற்றையும் வாங்குங்கள். திருட்டு வண்டியின் இன்ஜின் என்று பின்னால் தெரிந்தால், தெரிந்தே வாங்கினார் என்ற குற்றச்சாட்டு வரலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் அதற்கு மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது. நம்பர் ராவியது போல, மறுபடி பஞ்ச் அடித்தது போலத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். பழைய நம்பரை அழித்து உங்கள் வண்டி நம்பரைப் பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டறையை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

சட்டமே திறந்து வைத்திருக்கும் இன்னொரு வழி எரிபொருள் மாற்றம். 52(1)-இன் விதிவிலக்கில் சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி, சூரிய சக்தி எல்லாம் வருகின்றன. சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், உங்கள் மாடலுக்கு ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும், அங்கீகாரம் உள்ள இடத்தில் பொருத்த வேண்டும், ஆர்சியில் ஏற்ற வேண்டும். நம் பக்கத்தில் சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்றவை இந்த ஒப்புதல் தரும் நிறுவனங்கள். ஆனால் மலை ஏறுவதற்கு இழுவை வேண்டும் என்று சிஎன்ஜிக்குப் போகாதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் சிஎன்ஜி போட்டால் இழுவை கொஞ்சம் குறையத்தான் செய்யும், எரிபொருள் செலவுதான் மிச்சமாகும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும்.

சரி, கையில் இருக்கும் பணத்தில் என்ன செய்வது? என் சித்தப்பா மகனுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால் வண்டி இருக்க வேண்டிய 796 சிசியில்கூட ஓடவில்லை என்று பொருள். கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, பெட்ரோல் பம்ப் அழுத்தம் சரியாக இருக்கிறதா, ஏர் பில்டரும் பிளக்கும் எப்போது மாற்றியது என்று பார்க்கச் சொன்னேன். இழுவை இல்லை என்று வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் குறை இந்த இடங்களில்தான் இருக்கும்.

இன்ஜினே தேய்ந்திருந்தால் ஓவராயில் செய்யலாம். லேத்தில் கொடுத்து சிலிண்டரை ரீபோர் செய்து (தேய்ந்த உள்சுவரைக் கடைந்து சீராக்கி), நிறுவனம் இதற்காகவே தரும் ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் செட் போட்டு, வால்வு உட்காரும் இடத்தைச் சரிசெய்து, பேரிங் மாற்றினால் அது பழுதுபார்ப்பு. பிளாக் அதேதான், அதில் உள்ள நம்பரும் அதேதான். ஆர்சியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பெரிய இன்ஜின் ஏற்றும் வேலையில் இன்ஜின் விலை ஒரு பகுதிதான். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுத்திருக்கிறது, பின் சக்கரத்தை ஓட்டுகிறது. வேகன்ஆரில் அது குறுக்குவாக்கில் முன்னால் இருந்து முன் சக்கரத்தை ஓட்டுகிறது. மவுண்ட் வெட்டி ஒட்ட வேண்டும், கியர்பாக்ஸோடு சேர்க்க வேண்டும், ரேடியேட்டர், வயரிங், சைலன்சர் என்று ஒவ்வொன்றாக வரும். எஸ்டிமேட்டில் எழுதாத செலவுகள் இவைதான்.

அதனால் மெக்கானிக்கிடம் பேசும்போது "எவ்வளவு ஆகும் அண்ணே?" என்று மட்டும் கேட்காமல், என்னென்ன கழற்றுவார், என்னென்ன புதிது, லேத் கூலி தனியா என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

என் சித்தப்பா மகன் வண்டியில் கிளட்ச் பிளேட் தீர்ந்திருந்தது, மூன்றாவது சிலிண்டரில் ரிங் போயிருந்தது. அதே மெக்கானிக்தான் ஓவராயில் செய்து கொடுத்தார். வண்டி இப்போதும் பறக்காது, முழுச் சுமையோடு மெதுவாகத்தான் ஏறும். ஆனால் நடுவில் நிற்காமல் ஏறுகிறது.

கடைசியாக, பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு. "இன்ஜின் மாத்தினது, சூப்பரா இழுக்கும்" என்று விற்பவர் சொன்னால், டார்ச் அடித்து இன்ஜின் நம்பரைப் படித்து ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், அவரே ஆர்டிஓவில் சரிசெய்து ஆர்சியைக் கையில் தரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றிய மறுநாள் முதல் அந்த வேறுபாட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.