பழைய காரின் கிளிப்புகள் ஏன் பட்டென்று உடைகின்றன?

பதினோரு வருடம் ஓடிய காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றலாம் என்று ஒரு மார்கழி ஞாயிறு காலை பானட்டைத் திறந்தேன். பிளக்கைத் தொடுவதற்கு முன்பே, அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில் ஒயர் செருகும் கனெக்டரின் லாக் (கழன்றுவிடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் நாக்கு) என் கட்டைவிரலுக்கு அடியில் ‘டக்’ என்று ஒடிந்து விழுந்தது. பெரிதாக அழுத்தக்கூட இல்லை. துண்டை எடுத்துப் பார்த்தேன். வளைந்த தடமே இல்லை. பிஸ்கட்டை ஒடித்தது போல நேராக முறிந்திருந்தது.

இந்த கனெக்டர்கள் பெரும்பாலும் நைலான் அல்லது பிபிடி என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. உள்ளே இருப்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் பின்னிக் கிடப்பதால்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் சேர்ந்து வருகிறது. அதையே பொடிப்பொடியாக நறுக்கிவிட்டால் உதிர்ந்துவிடும். பானட்டுக்குள் அப்படி நறுக்குவது சூடும் ஆக்சிஜனும். சூடான பிளாஸ்டிக்கை ஆக்சிஜன் தாக்கத் தாக்க, சங்கிலிகள் ஆங்காங்கே அறுபடுகின்றன. வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். காயில் இருப்பதோ சிலிண்டர் ஹெட்டின், அதாவது இன்ஜினின் சூடான மேல்பகுதியின், மேலேயே. போதாததற்கு, வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, கொஞ்ச நேரம் அங்கே சூடு இன்னும் ஏறும். அதே வயதுள்ள ஹெட்லைட் கனெக்டர் நன்றாக இருக்க, காயில் கனெக்டர் முதலில் போவது இதனால்தான்.

நைலானுக்குத் தண்ணீரும் வேண்டும். கதவு டிரிம், பம்பர் கிளிப்புகளில் நிறைய வருவது நைலான்தான். நைலான் 66 சாதாரணக் காற்றின் ஈரத்தை இழுத்து, தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நகர விடுகிறது. காய்ந்த இடியாப்பத்தில் தண்ணீர் தெளித்தால் மெத்தென்று ஆகிறதே, அதே கதைதான். ஒயர்களைக் கட்டும் நைலான் பட்டையான கேபிள் டையை மூடிய பாக்கெட்டில் விற்பதற்கும் இது ஒரு காரணம். பாக்கெட்டைத் திறந்துபோட்டுக் காய்ந்துவிட்டால், இறுக்கும்போதே முறியும். காய்ந்த கிளிப்பை வெந்நீரில் ஊறவைத்தால் ஓரளவு மீண்டுவிடும். சூட்டில் சங்கிலி அறுந்த பிளாஸ்டிக்கை எதுவும் மீட்காது.

சரி, அப்படிப்பட்ட லாக்கை உடையாமல் எப்படிக் கழற்றுவது? குளிரில் சங்கிலிகள் அசையாது, அதனால் காலைக் குளிரில் தொடாதீர்கள். இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, கை வைத்தால் இதமாக இருக்கும் பதத்துக்கு ஆறியதும் ஆரம்பியுங்கள். முதலில் கனெக்டரை வெளியே இழுக்காமல், இன்னும் உள்ளே தள்ளுங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். வெளியே இழுக்கும்போது லாக்கின் கொக்கி, எதிர்ப்பக்கத்தில் அதைத் தடுக்கும் மேட்டில் இறுகிக்கொள்ளும். அந்த நிலையில் அழுத்தினால், இழுப்பும் வளைவும் சேர்ந்து லாக்கின் அடி மூலையில் இறங்கும். விரிசல் பெரும்பாலும் அந்தக் கூர்மையான மூலையில்தான் தொடங்கும். உள்ளே தள்ளினால் கொக்கி தளர்ந்துவிடும். பிறகு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அழுத்தினாலே போதும். அழுத்தியபடியே கனெக்டரின் பிளாஸ்டிக் கூட்டைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல. வரவில்லையென்றால் இடுக்கில் மண் அடைத்திருக்கலாம், காற்று அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கையின் விசை பல மடங்காகிவிடும். எவ்வளவு போகிறது என்று விரலுக்கும் தெரியாது.

பிளக் விஷயம் நேர் எதிர். அதன் மரை அலுமினியத்தில் ஓடுகிறது, சூட்டில் அலுமினியம் இன்னும் மிருதுவாகிவிடும். ஆகவே கனெக்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் முழுதும் ஆறும்வரை காத்திருங்கள். புது பிளக்கை முதல் சில சுற்று கையால்தான் திருக வேண்டும்.

என் காயில் கனெக்டரை லாக் இல்லாமலே செருகி ஓட்டினேன். இரண்டு வாரத்தில் அதிர்வில் கழன்று இன்ஜின் மிஸ் ஆக ஆரம்பித்தது. அப்புறம்தான் கூடு மட்டும் தனியாகக் கிடைக்கும் என்று தெரிந்தது. பழைய கூட்டிலிருந்து ஒயர் முனையிலுள்ள உலோகப் பின்களை ஒவ்வொன்றாக உருவிப் புதியதில் செருகினேன். இப்போது மாட்டும்போதெல்லாம் ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை கையை எடுப்பதில்லை.