தினமும் மீன் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் ஏன் குறைந்தது?

தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடலுக்குப் போகிற அவருடைய அப்பாவுக்குக் காலில் திருக்கை முள் குத்திச் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது 13 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 10. "தினமும் மீன் சாப்பிடுற மனுஷன். டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து எடுத்தே குறைச்சிட்டாங்களா?"

அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் தினமும் எடுக்கும் சில மில்லி சேர்ந்து பெரிய அளவாகிவிடும். சிறிய குழாய்களில் எடுத்தாலே இந்த இழப்பு குறையும். எல்லா ஆஸ்பத்திரிகளும் அதற்கு மாறவேண்டும் என்பேன். வயிற்றுப்புண் கசிவு, சிறுநீரகக் கோளாறு, சத்துக்குறைவு ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் சீழ் பிடித்தவர் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற புரதத்தைத்தான்.

எலும்பு மஜ்ஜைக்குப் புதிய சிவப்பணுக்கள் செய்யத் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ 1, 2 மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? சுமார் 120 நாள் வாழ்ந்து முடித்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் தின்று, உள்ளிருக்கும் இரும்பை ரத்தத்துக்குத் திருப்பித் தருகின்றன. அந்த இரும்பு வெளியே வர ஒரே ஒரு கதவு: ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம்.

கிருமி புகுந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-6 என்ற பொருளைச் சுரக்கின்றன. அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஹெப்சிடின் பெருகுகிறது. வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் அது. அந்தக் கதவில் போய் ஒட்டிக்கொள்ளும். கதவு அடைபடுவதோடு நிற்காது. அணு தன் கதவையே உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும்! குடல் அணுக்களிலும் இதே கதவுதான். அதனால் சாப்பிட்ட மீனிலிருந்து வந்த இரும்பு குடல் சுவரிலேயே தங்கி, சில நாளில் உதிரும் அணுக்களோடு வெளியேறுகிறது. உடம்பில் இரும்பு இருக்கிறது, மஜ்ஜைக்குத்தான் கிடைக்கவில்லை.

உடம்பு ஏன் தன்னையே பட்டினி போடுகிறது? கிருமிக்கும் இரும்பு வேண்டுமே! நம் கடல் போன்ற வெதுவெதுப்பான உப்புநீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி, புண் வழியே புகுந்தால் உயிரையே எடுக்கக்கூடியது. ரத்தத்தில் இரும்பு தாராளமாகக் கிடைத்தால் அது வெறித்தனமாகப் பெருகும். குடியால் கல்லீரல் கெட்டவர்களை அது அதிகம் கொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹெப்சிடினை முதலில் கண்டவர்கள் இரும்பைத் தேடிப் போகவில்லை. கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களைத் தேடினார்கள். உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை மறுப்பவர்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

சரி, அப்பாவுக்கு என்ன செய்வது? தொற்று அடங்கினால் கதவு மெல்லத் திறக்கும். அதுவரை மாத்திரையாகக் கொடுக்கும் இரும்பு பெரிதாக உதவாது. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைக் காய்ச்சலின்போது பார்த்தால் உயர்ந்தே தெரியும். அதை வைத்து இரும்புச்சத்து போதும் என்று முடிவுசெய்யக் கூடாது. படுத்தே இருப்பவரிடம் சோகை வெளியே தெரியாது. கழிவறை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறதா, படபடக்கிறதா, கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால், திருஷ்டி என்று கயிறு மந்திரிக்கப் போகாமல், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையாலும் கறுக்கும்தான். உள்ளே ரத்தம் கசிகிறதா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.