பங்கு இறைச்சி வாங்க முன் ஒரு கேள்வி

வன்னியில் கால்நடை வைத்தியராக இருப்பவருக்கு ஆட்டிறைச்சி வாக்குவாதம் காதில் விழாமல் ஒரு தீபாவளியும் போகாது. விடிய முன்னரே மரத்தடியில் வாழையிலை பரப்பி, பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு கிடாயைப் பங்கு போடுவார்கள். ஈரல், கொழுப்பு, எலும்பு எல்லாம் எல்லாப் பங்கிலும் விழ வேண்டும். கத்தி பிடிப்பவருக்கு நல்ல பொறுமை வேண்டும். பங்கு குவியத் தொடங்கும்போதே பேச்சும் தொடங்கிவிடும்.

"கிடாய் எண்டால்தான் இறைச்சி, பெட்டை மறி சப்பெண்டு இருக்கும்."

"எனக்கு அந்த வாடை ஒத்துவராது. நலமடிச்சதெண்டால் சொல்லுங்கோ, வாறன்."

"குட்டியில என்ன ருசி கிடக்கு?"

ஒருவர் இரத்த வறைக்கென்று சட்டியோடு வந்து நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் திசைக்கே முகம் திருப்பமாட்டார். முஸ்லிம் குடும்பங்களுக்கு இரத்தம் விலக்கு, அங்கே அந்தப் பேச்சே எழாது. அடுப்படிக்குப் போனால் வேறு வழக்கு. தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பாக வைப்பதா, தண்ணீர் வற்றப் பிரட்டலாக இறக்குவதா? சரக்குத்தூளை முதலே போடுவதா, இறக்கும் நேரம் தூவுவதா?

இவர்கள் சொல்வதில் அநேகமானவை உண்மைதான். கிடாய் வாடை என்பது பழுதான இறைச்சியின் மணமல்ல. பருவத்துக்கு வந்த கிடாயின் கொழுப்பில் சில அமிலங்கள் சேருகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் 4-எதைல்ஒக்டனோயிக் அமிலம். மிகச் சிறிய அளவில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கொம்படியில் இருக்கும் சுரப்பிகளும் அந்த வாடையைத் தருகின்றன. பருவத்துக்கு வர முன் நலமடித்தால், அதாவது விதையடித்தால், இந்த வாடை பெரிதாக வராது. அதை வீட்டில் பிளேட்டால் செய்ய வேண்டாம். தோலை வெட்டாமல் நசுக்கும் இடுக்கி கால்நடை வைத்தியர்களிடம் இருக்கிறது, சில நிமிட வேலைதான்.

வாடையில் பாதி உரிக்கும் கையிலிருந்து வருகிறது என்பதை எனக்குக் காட்டியவர் மல்லாவிப் பக்கத்து முதியவர் ஒருவர். இடக்கையால் தோலை இழுத்துப் பிடிப்பார். வலக்கையை முட்டியாக மடக்கித் தோலுக்கும் தசைக்கும் நடுவே மெல்லத் தள்ளிக்கொண்டு போவார். தோலைத் தொட்ட இடக்கை கடைசிவரை இறைச்சியில் படாது. மயிர் உள்பக்கம் மடியாமல் பார்த்துக்கொள்வார். கத்தியை மாற்றும்போது சுடுதண்ணீர் வாளியில் கை கழுவுவார். அவர் உரித்த கிடாயில் வாடை என்று யாரும் முறையிட்டு நான் கேட்டதில்லை. தோலில் இருக்கும் சாணமும் கிருமியும் இறைச்சிக்கு வராமல் காக்கும் முறையும் அதுவேதான். ருசிக்காகச் செய்தது சுகாதாரமாகவும் அமைந்துவிட்டது.

செம்மறி பற்றிய சண்டையும் அப்படித்தான். இங்கே பலர் அதைத் தொடமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களோ ஒரு வயதுக்கு உட்பட்ட செம்மறிக்குட்டியைத்தான் உயர்ந்த இறைச்சி என்பார்கள். செம்மறிக் கொழுப்பு உருகுவதற்கு 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். எங்கள் வாயின் சூடு 37 அளவில்தான். அதனால் கறி ஆறினால் கொழுப்பு மேல்வாயில் மெழுகுபோல ஒட்டும். சுடச்சுடச் சாப்பிட்டுப் பழகியவருக்கு அது தெரியாது, ஆறிய கறியைப் புட்டோடு குழைப்பவருக்குத் தெரியும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

"பிரஷ் இறைச்சி, ஆனால் நார் மாதிரி" என்ற முறைப்பாடும் அடிக்கடி வரும். அறுத்துச் சில மணி நேரத்தில் தசை விறைக்கும். அந்த நேரத்தில் காய்ச்சினால் கடிபடாது. சூடு ஆற முன் பிரீசரில் திணித்தால் தசை இன்னும் சுருங்கும். அன்றே காய்ச்சுவதென்றால் மெல்லிய நெருப்பில் நேரம் கொடுங்கள். இல்லையென்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு இரவு வைத்து மறுநாள் எடுங்கள். எங்கள் வெயிலில் வெளியே வைத்து மெதுவாக்கப் பார்க்கவே வேண்டாம். இரத்தமும் குடலும் அதைவிடச் சீக்கிரம் பழுதாகும், முதலில் அடுப்பேற வேண்டியவை அவைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் ருசி. இனிச் சொல்வது ருசியல்ல.

லீவில் வருபவர்கள் முற்றத்தில் இறைச்சி வாட்டுகிறார்கள். நடுவில் சிவப்பாக இருந்தால்தான் சாறு இருக்கும் என்கிறார்கள். முழுத்துண்டு இறைச்சியின் நடுப்பகுதி 63 பாகை சூடாகி, இறக்கி 3 நிமிடம் இருக்க வேண்டும். கொத்திய இறைச்சிக்கு 71 பாகை வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் நடுப்பகுதியின் சிவப்பு முழுதாய் மாறும்வரை விடுங்கள். ஆட்டின் தசையில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கக்கூடும். பூனையின் மலம் பட்ட தீனியால் ஆட்டுக்கு வருவது அது. கர்ப்பிணிக்குப் புதிதாய்த் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம், கரு கலையவும் கூடும். இரத்தம் ஊறும் என்று பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈரலை அரைவேக்காட்டில் கொடுக்கும் அம்மாமாரிடம் இதை நான் கெஞ்சியே சொல்வேன். ஒரு மணி நேரம் கொதித்த எங்கள் கறிச்சட்டியில் இந்தப் பயம் இல்லை.

அடுத்தது, என் மனதை அதிகம் உறுத்துவது. ஒரு வியாழக்கிழமை, சளியும் காய்ச்சலுமாக நின்ற கிடாய் ஒன்றுக்கு ஊசி போட்டேன். ஞாயிறு காலை அந்தப் பாதையால் போகும்போது அதே கிடாய் புளியமரக் கொப்பில் தொங்கியது. காதில் இருந்த கிழிசலால் அடையாளம் கண்டேன். வளர்த்தவர் கணவனை இழந்த ஒரு தாய். அவரிடம் இருந்ததே ஆறு ஆடுகள். "ஊசி போட்டும் சுகப்படேல்லை டொக்டர். செத்தால் முழு நட்டம், அதுதான் குடுத்திட்டன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊசி போட்ட அன்று இத்தனை நாள் இறைச்சிக்கு ஆகாது என்று நான் தெளிவாகச் சொல்லவில்லை. கிடாயைப் புதைக்கச் சொன்னேன். பங்குக்குக் காசு கட்டியவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

மருந்து ஒவ்வொன்றுக்கும், அது உடம்பை விட்டுப் போய் இறைச்சிக்கு ஆகும்வரை, காத்திருக்கும் காலம் உண்டு. நீண்ட நாள் வேலை செய்யும் ஒக்சிரெற்றாசைக்கிளின் என்ற கிருமிகொல்லி ஊசி பலவற்றின் லேபிளில் இறைச்சிக்கு 28 நாள் என்று இருக்கும். பூச்சி மருந்துக்கும் தனிக் கணக்கு உண்டு. கொதிக்க வைத்தால் மருந்து போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. பெனிசிலின் ஒத்துவராதவருக்கு இறைச்சியில் மிஞ்சும் அந்த மருந்தே ஆபத்தாகலாம். சிறு சிறு அளவாக உள்ளே போகும் மருந்து கிருமிகளைப் பழக்கிவிடும். அப்புறம் எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அதே மருந்து கேட்காமல் போகும். காய்ச்சலோடு அறுத்த ஆட்டில் இரத்தமும் சரியாக வடியாது. இறைச்சி கறுத்து, சீக்கிரம் பழுதாகும்.

இன்னொன்று. ஈரலிலோ குடல் கொழுப்பிலோ நீர்க்குமிழிகள் தெரிந்தால் வெட்டி நாய்க்குப் போடாதீர்கள். அவை நாடாப்புழுவின் இளம் பருவம். நாயில் புழுவாகி, முட்டை புல்லில் விழுந்து மறுபடி ஆட்டுக்கு வரும். சில வகை மனிதருக்கும் வரும். எரியுங்கள், அல்லது நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

பங்குக்குப் பெயர் கொடுக்கும்போது எல்லோரும் கேட்பது கிடாயா மறியா, என்ன வயது, எத்தனை கிலோ தேறும் என்றுதான். அதோடு, கடைசியாக எப்போது ஊசி போட்டது, பூச்சி மருந்து பருக்கியது என்றும் கேளுங்கள். சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். வளர்ப்பவர்களும் அதை எழுதி வையுங்கள். நான் இப்போது ஊசி போட்ட வீட்டில் சுவரில் தொங்கும் கலண்டரைக் கேட்டு வாங்கி, இறைச்சிக்கு ஆகும் நாளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுவிட்டுத்தான் படலையைத் தாண்டுகிறேன்.